நாம் வெளியிடாத இசைத்தட்டு

நேயர்களுக்கு முதலிலேயே ஓர் உறுதிமொழி கொடுத்துவிடுகிறோம். நாம் பாடிப் பதிவு செய்திருக்கும் பாட்டை நீங்கள் யாரும் கேட்க நேராது. அது விற்பனைக்கு வரப் போவதில்லை. ரேடியோவில் ஒலிபரப்பாகப் போவதில்லை. எதிர் வீட்டுக் கல்யாணத்தின் ஒலிபெருக்கி வழியாக வந்து உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போவதும் இல்லை. மொத்தம் மூன்றே பிரதிகள்தான் எடுத்திருக்கிறோம். மூன்றும் நம் குடும்பத்தைவிட்டு வெளியே போகா. ஆகையால் பயமில்லாமல் மேலே படிக்கலாம்.

நாம் பாடியது தியாகராஜ கீர்த்தனமும் அல்ல, திருப்புகழும் அல்ல. அமெரிக்கப் பாட்டு. அதிலும் காதல் பாட்டு. 'தி வே யூ லுக் டுநைட்' என்பது அதன் பெயர். இன்றிரவு நீ காட்சி தரும் விதம் என்று தமிழில் சொல்லலாம். 1936-ம் வருஷம் வெளிவந்த 'ஸ்விங் டைம்' என்ற திரைப்படத்துக்காக ஜெரோம் கெர்ன் மெட்டமைத்து, டாரதி ஃபீல்ட்ஸ் என்னும் பெண்மணி சொற்களை எழுதிய பாட்டு. எழுபது வயதைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, வாயில் பல்செட்டு வைத்திருக்கும் ஒரு மனிதர் இதைப் பாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் வீட்டிலேயே உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்முடைய தகப்பனார் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் குமாஸ்தா. நாகப்பட்டினத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1928-ல் பொன்மலைக்குப் பெயர்ந்து வந்தது. அதைச் சுற்றி எழுந்த ரயில்வே காலனியில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. நம் வீட்டில் மாலையில் விளக்கேற்றிச் சுலோகம் சொல்லும் அதே வேளையில், அடுத்த தெருவில் யாராவது பியானோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதாக ஞாபகமில்லை.

அந்தத் தெருவில் மெயில் வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர் இருந்தார். ஆஜானுபாகுவான மனிதர். வேலையிலிருந்து வரும்போது முகமெல்லாம் கரி அப்பியிருக்கும். வந்து குளித்து, சலவைச் சட்டை அணிந்து, கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஓர் இசைத்தட்டை வைப்பார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்று கையை நீட்டுவார். அவருடைய மனைவி முன்றானைக்குப் பதிலாகக் கட்டியிருக்கும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். இருவரும் மெதுவாக ஆடுவார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான். தட்டு முடிந்ததும் அந்த அம்மாள் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். அவர் நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றுவார்.

1963-ல், நமக்குப் பதினோரு வயது இருக்கும்போது, வேலிக்கு வெளியே நின்று இதைப் பல தடவை பார்த்திருக்கிறோம். பாட்டில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் மனத்தில் தைத்தது. நம் தகப்பனார் நம் தாயாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நாம் கேட்டதே இல்லை. "இந்தா" என்பார்; அல்லது சுவரைப் பார்த்து, "காப்பி வருமா?" என்பார். மனைவியைப் பார்த்து ஒரு மனிதன் மூன்று நிமிஷம் வேறு வேலையில்லாமல் நிற்கலாம் என்பது நமக்கு அன்று புதுச் செய்தி. 1967-ல் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. மெட்டு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

பாட்டின் கதையை வெகு காலத்துக்குப் பின்னரே அறிந்தோம். கெர்ன் மெட்டைப் பியானோவில் முதன் முதலாக வாசித்துக் காட்டியபோது, தாம் அறையைவிட்டு வெளியே போய் அழுதுவிட்டதாக டாரதி ஃபீல்ட்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எழுதிய சொற்களுக்கு அந்த ஆண்டின் சிறந்த திரைப்பாட்டுக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பாட்டுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. பின்னால் மனம் சோர்ந்து கிடக்கும் ஒரு நாளைக்கு வேண்டியிருக்கும் என்று, எதிரில் நிற்பவளின் இன்றைய தோற்றத்தை இப்பொழுதே சேமித்து வைக்கிற ஒருவனுடைய பாட்டு அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தில் ஃபிரெட் அஸ்டேர் இந்தப் பாட்டைப் பாடும்போது கதாநாயகியைப் பார்த்துக்கொண்டு பாடவில்லை! அவள் கோபித்துக்கொண்டு அடுத்த அறையில் தலைக்கு நுரை தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் பியானோவுக்கு முன் உட்கார்ந்து தனியாகப் பாடுகிறான். கேட்டு மனம் இளகிய ஜிஞ்சர் ராஜர்ஸ், தலை நிறைய நுரையோடு வந்து அவன் தோளில் கை வைக்கிறாள். அப்புறந்தான் தன் கோலம் நினைவுக்கு வந்து ஓடிப் போகிறாள். உலகத்தின் பிரசித்தமான காதல் பாட்டுக்களில் ஒன்று, காதலியின் முகத்தைப் பார்க்காமல், அவள் தலையில் நுரையோடு நிற்கையில் பாடப்பட்டது. சினிமாக்காரர்களுக்கும் சில சமயம் ஞானோதயம் உண்டாகிறது என்பதற்கு இது அத்தாட்சி.

'பிறர் பாடிய பாட்டை நாம் எதற்காக மறுபடியும் பாட வேண்டும்? அது காப்பியடிப்பதல்லவா?' என்று நம் சிநேகிதர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அரியக்குடியும் செம்மங்குடியும் ஒரே கீர்த்தனத்தைப் பாடினால் யாராவது காப்பி என்று சொல்வதுண்டா? இது இன்னார் பாடாந்தரம், அது இன்னார் பாடாந்தரம் என்று ரசித்துக் கேட்கிறோம். ஜாஸ் சங்கீதக்காரர்களும் இப்படித்தான். எல்லா வித்துவான்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பொதுப் பாட்டுக்களை 'ஸ்டாண்டர்ட்' என்று வழங்குகிறார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு மேடையில் கூடினாலும், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும், கச்சேரி ஆரம்பமாகிவிடும். நம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் வெளியான 1936-ம் வருஷத்திலேயே, பில்லி ஹாலிடே என்ற நீக்ரோப் பாடகி டெடி வில்ஸனுடைய வாத்திய கோஷ்டியோடு இதைப் பதிவு செய்துவிட்டார். தாளத்துக்குச் சற்றே பின்னால் தங்கி, அவசரமில்லாமல் வந்து சேருவது அவருடைய பாணி. 1964-ல் ஃபிராங்க் ஸினாட்ரா பாடினார். நெல்ஸன் ரிடில் அமைத்த வாத்தியங்கள் பின்னால் முழங்க, மார்பை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்து போகிற மாதிரி அந்தப் பாட்டு போகும். மெட்டு ஒன்றுதான், ஆனால் பாடுகிறவர்கள் சொல்வது ஒன்றல்ல.

வக்கீல் நண்பர் ஒருவர், 'சட்டம் சும்மா இருக்குமா?' என்றார். அமெரிக்காவில் 1909-ம் வருஷத்துச் சட்டமே இதற்கு வழி செய்திருக்கிறது. ஒருவர் தம் பாட்டை ஒரு தடவை பதிவு செய்ய அனுமதித்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பிரதிக்கு 2 ஸென்ட் வீதம் கட்டணம் செலுத்தினால் போதும் என்று அன்று விதித்தார்கள். நாமோ விற்கவும் இல்லை, ஊருக்குப் போட்டுக் காட்டவும் இல்லை. வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்குப் பாடுகிறவனைச் சட்டம் தண்டிப்பதில்லை. அண்டை வீட்டார் தண்டித்தால்தான் உண்டு.

இனி, இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் பாடக் கிளம்பினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், மூக்குக் கண்ணாடியை மாற்றலாம் என்று கண் டாக்டரிடம் போனோம். அவர் பல விதமான கருவிகளுக்கு முன் நம்மை உட்கார வைத்துவிட்டு, கடைசியில் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காண்பித்தார். க்ளாக்கோமா என்று வியாதியின் பெயரைச் சொன்னார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைத் தேய்ப்பது இந்த நோய். பெரும்பாலும் வலியே இராது. கண் சிவப்பதும் இல்லை. திருடன் கொல்லைப்புறமாக வருவது போலப் பார்வையின் ஓரங்களை முதலில் எடுத்துக்கொண்டு போகும். நடுவில் இருப்பது கடைசி வரையில் தெரிந்துகொண்டிருக்கும். ஆகையால் இழந்தது இழந்தவனுக்கே தெரியாது. போன பார்வை திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. நமக்கு வலது கண்ணில் கொஞ்சம் அதிகமாகவும், இடது கண்ணில் கொஞ்சம் குறைவாகவும் போயிருக்கிறது.

அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. சாயங்காலம் நாங்கள் இருவரும் நடக்கப் போகும்போது நம் மனைவி எப்போதும் நமக்கு வலது பக்கத்தில் வருவாள். சில காலமாக, 'இவள் ஏன் அடிக்கடி பின்தங்கிவிடுகிறாள்?' என்று நாம் மனத்துக்குள் சலித்துக்கொண்டிருந்தோம். அவள் பின்தங்கவே இல்லை, பக்கத்திலேதான் வந்துகொண்டிருந்தாள். நமக்குத்தான் தெரியவில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவளை இடது பக்கத்தில் வரச் சொன்னோம். "எதற்கு?" என்று கேட்டாள். "அந்தப் பக்கத்தில் நாய் இருக்கிறது" என்றோம். அவள் நம் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இடது பக்கத்துக்கு வந்தாள். அதற்கப்புறம் நாயைப் பற்றி அவள் விசாரிக்கவே இல்லை.

நமக்கு விவாகமாகி 45-வது வருஷம் பூர்த்தியாகும் சமயம் வந்தது. வைரத் தோடு வாங்கிக் கொடுக்கப் பென்ஷன் போதாது. அந்தச் சமயத்தில்தான் பொன்மலை மெட்டு திடீரென்று நினைவில் எழுந்தது. இந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்துவிடுவது என்று தீர்மானித்தோம். தீர்மானம் செய்வதற்கு நல்ல சாரீரம் தேவையில்லை அல்லவா?

நம் தமக்கையின் மகன் ஒருவன் இருக்கிறான். கீபோர்டு வாசிப்பான், பதிவு செய்யும் வித்தையும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கும், ஹெட்போனும், கம்ப்யூட்டரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பின்கட்டு அறையில் ஜன்னலை மூடி, சுவரெங்கும் ஜமக்காளமும் கம்பளியும் தொங்கவிட்டான். எதிரொலியை அவை குடித்துவிடுமாம். மின்விசிறியை நிறுத்தினான். மைக்குக்கு முன்னால் மெல்லிய துணி போர்த்திய வளையம் ஒன்றை வைத்தான். 'ப' என்ற எழுத்தைச் சொல்லும்போது வாயிலிருந்து புறப்படும் காற்று மைக்கில் குண்டு வெடிப்பது போல விழாமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடு.

"மாமா, உரக்கப் பாட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் பாடுங்கள்" என்றான்.

இந்த இரகசியம் பையனுக்குத் தெரிந்திருந்ததில் நமக்குச் சந்தோஷம். 1925-க்கு முன்னே இசைத்தட்டுக்காகப் பாடியவர்கள் பெரிய புனலுக்குள் தலையை நீட்டிக் கத்த வேண்டியிருந்தது. குரலின் பலத்தினாலேயே ஊசி நகர்ந்து மெழுகில் கீற வேண்டும். 1925-ல் மின்சாரப் பதிவு முறை வந்து, மைக் புழக்கத்துக்கு வந்த பிறகுதான், மெல்லப் பேசுகிறவன் குரலும் மெழுகில் விழத் தொடங்கியது. முணுமுணுப்பாகப் பாடும் காதல் பாட்டுக்கள் பெருகியது அதன் பலன். அஸ்டேருக்கு அப்படிப் பெரிய சாரீரம் ஒன்றும் கிடையாது.  நமக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறுதல் அரை மணிதான் நீடித்தது. முதல் தடவை பாடியதைப் போட்டுக் காண்பித்தான். மைக்கைப்போல் ஈவிரக்கமற்ற விமரிசகரை நாம் கண்டதில்லை. நம் மூச்சு வாங்குவது கேட்கிறது. பல்செட்டு அசைவது கேட்கிறது. எச்சில் விழுங்குவது கேட்கிறது. பாட்டு மட்டும் கேட்கவில்லை. சிறு வயதில் பாகவதர் ஒருவரிடம் நாலு வருஷம் பாட்டுக் கற்றவர்கள் நாம். அதனால் எந்த ஸ்வரத்தையும் அசைக்காமல் நேராக நிறுத்த நம் தொண்டைக்குத் தெரியாது. கெர்ன் ஒரு ஸ்வரத்தை ஆணி அடித்த மாதிரி நிறுத்தியிருந்தால், நாம் அதை ஊஞ்சலில் வைத்து ஆட்டினோம்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று காத்திருந்தது. இந்தப் பாட்டு சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் சமர்த்தாகத் தொடங்குகிறது. முதல் இரண்டு ஸ்வரங்களே பஞ்சமத்திலிருந்து ஸட்ஜமத்துக்கு இறங்குகின்றன. குழந்தை கூடப் பாடிவிடும். ஆனால் நடுப் பகுதி வந்ததும் ஆசாமி ஸட்ஜமத்தையே மாற்றிவிடுகிறார்! அச்சுப் பிரதியில் 2½ கட்டையில் ஆரம்பிக்கும் பாட்டு, மத்தியில் 4½ கட்டைக்குத் தாவி, கடைசியில் மறுபடியும் 2½ கட்டைக்கு வந்து சேருகிறது. நம் குரலுக்காக 1 கட்டைக்குக் குறைத்துக்கொண்டோம். அப்போது நடுப் பகுதி 2½ கட்டை. 'சுருதி மாதா, லயம் பிதா' என்று சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள் நம்மை. பாதி வழியில் மாதாவை மாற்று என்றால் எப்படி மாற்றுவது? புது ஸட்ஜமத்துக்கு ஒருவாறு ஏறிவிடுவோம். திரும்பி வரத்தான் வழி தெரியாது. ஒவ்வொரு தடவையும் சந்தியில் வண்டி மாறத் தெரியாத பட்டிக்காட்டான்போல் நடு ஸ்டேஷனில் நின்றோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிக் கழிந்தன. பன்னிரண்டு தடவை பாடினோம். ஒரு தடவை குக்கர் கூவியது; ஒரு தடவை காக்கை; ஒரு தடவை கீரைக்காரி. ஒன்றுமே குறுக்கிடாத சமயங்களில் நாமே போதுமான இடையூறாக இருந்தோம். ஸினாட்ராவைப்போல் மார்பை நிமிர்த்திப் பாடிப் பார்த்தோம்; இருமல் வந்தது. அஸ்டேரைப்போல் லேசாகப் பாடிப் பார்த்தோம், "மாமா, தூங்கிவிட்டீர்களா?" என்று பையன் கேட்டான். சுருதி தவறிய இடங்களைக் கம்ப்யூட்டரே நிமிர்த்திவிடும் என்று ஆசை காட்டினான். நமக்கும் சபலம் தட்டியது. நிமிர்த்தியதைக் கேட்டோம். குற்றம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பாடுகிறவர் நமக்குத் தெரிந்தவராக இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மூன்றாவது ஞாயிறு மாலை, வழக்கம்போல நடுப் பகுதியில் வழி தவறி நின்றபோது, சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"புது ஸட்ஜமத்துக்கு அந்தர காந்தாரம் எதுவோ, அதுதானே பழைய ஸட்ஜமத்துக்குப் பஞ்சமம்? அதைப் பிடித்துக்கொண்டு இறங்குங்களேன்!"

நாம் அசந்து போனோம். பையன் கீபோர்டில் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமி சொல்வது சரி" என்றான். பாட்டு மறுபடியும் தொடங்குவதே அந்தப் பஞ்சமத்தில்தான். மூன்று வாரமாக நாம் தேடிய வாசற்படியை, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அவள் காண்பித்துவிட்டாள்.

விவாகத்துக்கு முன் அவள் வர்ணமும் கீர்த்தனமும் முறையாகப் பாடியவள். பெண் பார்க்கப் போன அன்று நம் எதிரில் உட்கார்ந்து ஒரு கல்யாணி பாடினாள். அதற்குப் பிறகு 45 வருஷத்தில், "ஒரு பாட்டுப் பாடேன்" என்று நாம் அவளைக் கேட்டதுண்டா என்று யோசித்துப் பார்த்தோம். கொலுவுக்கு வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்; நாம் கேட்டதாக நினைவில்லை. அன்று சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் உட்கார்ந்தோம். தெரு அடங்கியிருந்தது. பையன் வாசிக்கத் தொடங்கினான். முன்னுரையாக வரும் வாத்தியப் பகுதி பாதி போய்க்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. சொட்டு மருந்துக் குப்பியோடு நம் மனைவி வந்து நின்றாள். இரவு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். கெர்ன் துரையே நேரில் வந்து பாடினாலும் அவள் நேரம் தவறமாட்டாள். சமையலறைப் புடவை, அவிழ்ந்து மறுபடி முடிந்த கொண்டை, கையில் பெருங்காய வாசனை.

"அண்ணாந்து பாருங்கள்" என்றாள். பார்த்தோம். கண்ணுக்கு ஒரு சொட்டு விழுந்தது. "மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷம் திறக்கக் கூடாது."

மருந்து மூக்கு வழியாக இறங்கிவிடாமல் இருக்க, கண்ணை மூடி, ஓரத்தை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அவள்தான் தினமும் விரலை வைத்து அழுத்துவது வழக்கம். அன்றும் அப்படியே செய்தாள். பையன் என்ன நினைத்தானோ, வாசிப்பதை நிறுத்தவில்லை. சுற்றிச் சுற்றி முன்னுரையையே வாசித்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடினபடி நாம் பாட ஆரம்பித்தோம்.

ஸினாட்ராவும் அஸ்டேரும் நினைவுக்கு வரவில்லை. மூடிய கண்ணுக்குள் அவள் நன்றாகத் தெரிந்தாள். சற்றுமுன் பார்த்த கொண்டையும் புடவையும் தெரிந்தன. கல்யாணி பாடியபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகமும் தெரிந்தது. ஓரங்கள் ஒன்றும் குறையவில்லை. நடுப் பகுதி வந்தது, ஏறினோம், காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஸ்வரங்கள் அங்கங்கே ஆடினதை நாம் தடுக்கவில்லை. நம் பாடாந்தரம் அப்படித்தான் இருக்கும்.

இந்தப் பாட்டின் முடிவில் வார்த்தையில்லாத ஒரு சின்ன முனகல் வருகிறது. அஸ்டேர் வாயை மூடிக்கொண்டு அதை இழுப்பார். அந்த இடத்துக்கு வரும்போது நமக்கு மூச்சு இல்லை. என்ன செய்வோம் என்று தவித்த அந்தக் கணத்தில், தலைக்கு மேலே, வெகு அருகில், முனகல் கேட்டது. சுத்தமான சுருதி, அசையாத ஸ்வரம். மூன்று வாரமாகச் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

பையன் கடைசி ஸ்வரத்தை அடங்கவிட்டுப் பதிவை நிறுத்தினான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நம் மனைவிதான் முதலில் பேசினாள்.

"அது சரி, இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?"

சொன்னோம். இன்றைக்கு நீ எப்படி இருக்கிறாயோ, அதை எப்போதைக்கும் வைத்துக்கொள்ள விரும்புகிற ஒருவன் பாடுவது என்றோம்.

அவள் குப்பியை மூடினாள். "நாற்பத்தைந்து வருஷமாகத் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இப்போது இங்கிலீஷில் சொல்லியாயிற்றாக்கும்!" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாய் எதுவும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள்.

பையன் பதிவைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னான். அதில் குப்பியின் மூடி விழும் சத்தம் இருக்கிறது. வளையல் சத்தம் இருக்கிறது. "திறக்கக் கூடாது" என்ற உத்தரவும் இருக்கிறது. அவற்றைத் தொடக் கூடாது என்று நாம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். அந்தக் கோலத்திலேயே மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று பையனுக்கு, ஒன்று அமெரிக்காவில் இருக்கும் நம் புத்திரிக்கு, ஒன்று நமக்கு. கேட்ட புத்திரி, "அப்பா, கடைசியில் பாடுவது யார்? ரொம்ப நன்றாயிருக்கிறதே!" என்று எழுதியிருக்கிறாள். முன்னால் மூன்று நிமிஷம் பாடியவரைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. அபிப்பிராயம் நியாயமானதுதான்.

அடுத்தபடியாக ஒரு கல்யாணி பதிவு செய்யலாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறோம். அதை நாம் பாடப் போவதில்லை. பாட வேண்டியவரிடம் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. தினமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மருந்து வழக்கம்போல நடக்கிறது. ஒன்பது மணிக்குச் சொட்டு விழுகிறது. கண்ணை மூடிக்கொள்கிறோம். இரண்டு நிமிஷம் ஆனதும், "போதும், திறக்கலாம்" என்கிறாள்.

திறந்து பார்க்கிறோம். இருக்கிறாள்.